வெளியார் கைபடாத வண்டி

காலையில் வண்டியைத் துடைத்து நிழலில் நிறுத்தலாம் என்று ஸ்டார்ட் செய்தபோதுதான் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. உமர் ஃபாரூக் அதை முறைத்துப் பார்த்தார். அது அணையவில்லை.

மற்ற நாளாக இருந்தால் அவர் அலட்டிக்கொள்ள மாட்டார். இன்று மகள் மெஹக்கின் நிக்காஹ் தேதியைக் குறிக்க அசோக் நகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தேதி பேசிச் சாப்பிட்டு முடித்ததும், மாப்பிள்ளையின் தாயாரைப் பெண்ணின் தகப்பன் தன் சொந்த வண்டியில், தானே ஓட்டிக்கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். உமர் ஃபாரூக்கின் குடும்பத்தில் அதுதான் வழக்கம். சம்பந்தம் பேச வந்த பெண்மணியை வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பிய வீடு என்ற பெயர் அவர்களுக்கு இதுவரை வந்ததில்லை. அவர் இருக்கும்வரை வரவும் வராது.

இன்னொன்றும் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் தகப்பனார் கரீமுல்லாவிடம் அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருந்தார்: "எங்க வீட்டு வண்டிய வெளியாள் கை தொட்டதில்ல பாய். பழுதுன்னா நானே பாப்பேன்."

"எங்க வீட்லயும் அப்படித்தான். அது தெரியாத வீட்ல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்" என்றார் கரீமுல்லா. அந்த நிமிடத்தில்தான் சம்பந்தம் முடிவானது என்று உமர் ஃபாரூக் நம்புகிறார். பையனின் படிப்பு, வேலை எல்லாம் அதற்குப் பிறகு பேசியவை.

"சர்தார கூப்புடட்டுமா?" முதல் மாடி பால்கனியிலிருந்து மனைவி சகினா கேட்டாள். சர்தார் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன்.

"எதுக்கு?"

"வெளக்கு எரியுதுன்னு ஒங்க மூஞ்சியிலயே தெரியுதே."

"வெளக்குன்னா எரியத்தான் செய்யும். நீ போய் தால்சாவ பாரு."

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. இந்தக் காலத்து வண்டிக்கு நோய் எங்கே இருந்தாலும் அது பேசுவது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஒரு துளை வழியாகத்தான். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய கறுப்பு ஸ்கேனர் டப்பாவை அதில் சொருகினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. சொருகிவிட்டால் வண்டி தன் குறைகளையெல்லாம் புளூடூத்தில் போனுக்குச் சொல்லும். அதோடு நிற்காது. வைப்பர், கதவுப் பூட்டு, விளக்கு ஆகியவை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் போனிலிருந்தே மாற்றி எழுதலாம். முதல் மாடிப் படிக்கட்டு வளைவிலிருந்துகூட எழுதலாம், அதுவரை எட்டும். துறைமுகத்தில் கிரேன்களைக் கட்டி மேய்த்து ஓய்வுபெற்ற உமர் ஃபாரூக், இதையெல்லாம் வீடியோ பார்த்து யார் தயவும் இல்லாமல் கற்றுக்கொண்டவர்.

ஆக்சிஜன் சென்சாரில் பிழை என்றது போன். அழி என்று கட்டளையிட்டார். விளக்கு அணைந்தது.

"சர்தாராம்" என்றார் காலி இருக்கையைப் பார்த்து.

ஆனால் வண்டி மறுபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும்வரை இக்னிஷனை அணைக்க வேண்டாம் என்று போன் கேட்டுக்கொண்டது. அதற்குள் கேட்டில் ஹாரன் கேட்டது. எஞ்சினை மட்டும் நிறுத்தி, இக்னிஷனையும் டப்பாவையும் அப்படியே விட்டுவிட்டு அவர் இறங்கினார்.

வாட்ச்மேன் துரைராஜ் கேட்டைத் திறக்க, கரீமுல்லாவின் வண்டி வந்து உமர் ஃபாரூக்கின் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றது. அதே கம்பெனி, அதே மாடல். உமர் ஃபாரூக்கினது வெள்ளை, வந்தது வெள்ளி நிறம். கரீமுல்லாவின் மனைவி அமீனா பீ இனிப்புக் கூடையோடு இறங்கி ஸலாம் சொன்னார். கரீமுல்லா இறங்கவில்லை.

"நீங்க மேல போங்க பாய். பி.பி. மாத்திரை வண்டிலயே கீது. போட்டுக்கினு வரேன்."

மாத்திரை போட்டுக்கொண்டு அவர் வருவதற்குள் மேலே எல்லோரும் ஷர்பத் குடித்து முடித்திருந்தார்கள். வந்து உட்கார்ந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தேதிப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று உமர் ஃபாரூக் தொண்டையைச் செருமியபோது, காற்று வாங்கப் பால்கனிக்குப் போயிருந்த அமீனா பீ கூப்பிட்டார்.

"அண்ணே, ஒங்க வண்டில வைப்பர் ஆடுதே. மழ கூட இல்லியே."

உமர் ஃபாரூக் எழுந்துபோய்ப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லாத வெயிலில், வைப்பர்கள் இரண்டும் காய்ந்த கண்ணாடியை ஓய்வில்லாமல் தேய்த்துக்கொண்டிருந்தன.

"தானா தொடச்சிக்கும்" என்றார். "அப்படி எழுதி வெச்சிருக்கேன்."

கரீமுல்லாவும் வந்து எட்டிப் பார்த்தார். "என்னுதும் இதே மாடல்தான் பாய். இப்படிப் பண்ணாதே."

"நீங்க எழுதியிருக்க மாட்டீங்க."

அதற்குமேல் நிற்காமல், "ஐஸ் வாங்கியாறேன்" என்று கீழே போனார். வண்டிக்குள் உட்கார்ந்து போனை எடுத்துப் பார்த்தால், தானியங்கி வைப்பர் என்ற இடத்தில் 'ஆம்' என்று இருந்தது. அவர் அந்தப் பக்கமே போகவில்லை. 'இல்லை' என்று மாற்றினார். வைப்பர்கள் படுத்தன. படியேறினார்.

"ஐஸ் எங்க?" என்று கேட்டாள் சகினா.

"கரைஞ்சிடிச்சி."

தேதிப் பேச்சு தொடங்கியது. கரீமுல்லா திடீரென்று சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடிய வண்டில விட்டுட்டேன். தேதிய பாக்க வேணாமா, தோ வரேன்."

மூக்கின்மேல் ஒரு கண்ணாடி இருக்கும்போதே அவர் இதைச் சொன்னார். உமர் ஃபாரூக் கவனித்தார். சொல்லவில்லை. விருந்தாளியின் மூக்கைப் பற்றிப் பேசுவது அவர் வீட்டு வழக்கமில்லை.

கொஞ்ச நேரத்தில் பால்கனியிலிருந்து மெஹக் மெதுவாகச் சொன்னாள். "அத்தா, நம்ம வண்டில நாலு பக்கமும் லைட் மின்னுது."

அமீனா பீ திரும்பினார். உமர் ஃபாரூக் அசையவில்லை.

"விருந்தாளி வந்திருக்காங்கல்ல. ஒரு மரியாதை" என்றார்.

"வண்டிகூட மரியாத தெரிஞ்சதா கீது" என்றார் அமீனா பீ. கிண்டலா பாராட்டா என்று தெரியவில்லை. உமர் ஃபாரூக் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

படிக்கட்டு வளைவில் நின்று போனில் வண்டியைப் பிடிக்கப் பார்த்தார். 'இணைக்க முடியவில்லை' என்றது. மறுபடி முயன்றார். மறுபடியும் அதே பதில். போனைத் தொடையில் தட்டினார். அந்த நேரம் கரீமுல்லா கீழிருந்து ஏறி வந்தார். இருவரும் ஒரே சமயத்தில் தங்கள் போன்களைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

"கெடைச்சதா கண்ணாடி?"

"மூக்கு மேலயே இருந்துது பாய்" என்று சிரித்தார் கரீமுல்லா. அவர் தாண்டிப் போனபோது உமர் ஃபாரூக் மூச்சை இழுத்துப் பார்த்தார். ஏலக்காய் வாசனை.

இப்போது போன் உடனே வண்டியைப் பிடித்துக்கொண்டது. விளக்குகளை அணைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார்.

"சம்மந்தி சிகரெட் குடிக்கிறாரு" என்றார் தாழ்ந்த குரலில்.

"யாரு சொன்னது?"

"சும்மா சும்மா வண்டிக்குப் போறாரு. வேர்வையோட வராரு. வாயில ஏலக்காய்."

சகினா பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறக்காமல் யோசித்தாள். "மாத்திரைய போட்டுக்க அவ்ளோ நேரமான்னு நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"பொகைய மறைக்கிறவரு வேற எத மறைப்பாரோ. என் பொண்ண குடுக்கற வீடு."

"ஐஸ் வாங்கப் போய் வெறுங்கையோட வந்தீங்களே, அத அவங்க மறந்துட்டாங்கன்னு நெனைக்கிறீங்களா? போய் ஒக்காருங்க. தேதி மொதல்ல."

தேதி குறித்தாயிற்று. ரபீஉல் அவ்வல் மாதம் பிறந்து முதல் ஞாயிறு. கரீமுல்லாவே சொன்னார், உமர் ஃபாரூக் ஒத்துக்கொண்டார், அமீனா பீ மெஹக்கின் வாயில் ஒரு துண்டு பிரெட் அல்வாவை வைத்தார். விரிப்புப் போட்டுச் சாப்பாடு வைக்கும் நேரத்தில் கரீமுல்லா, "தொப்பிய வண்டில விட்டுட்டேன்" என்று எழுந்தார்.

உமர் ஃபாரூக் பால்கனி ஓரமாக நின்று துரைராஜைக் கைகாட்டி அழைத்தார். "இன்னா பண்றாரு?"

"குந்திகினு கீறாரு பாய். ஏசி போட்டுக்கினு, கண்ணாடிய ஏத்திக்கினு, தலைய குனிஞ்சிகினே கீறாரு."

"பொக வருதா?"

"தெரில பாய். தட்டிப் பாக்கட்டுமா?"

"வேணாம். அவரு நம்ம விருந்தாளி."

சாப்பாடு முடிந்தது. அமீனா பீயை அழைத்துப்போகுமுன் வண்டியைக் குளிர வைக்கலாம் என்று உமர் ஃபாரூக் முன்னால் இறங்கினார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். நடுவில் இருந்த திரை முழுவதும் அரபி.

துரைராஜ் தலையை உள்ளே விட்டான். "இன்னா பாய், எழுத்தெல்லாம் மாறிகீது."

"நான்தான் மாத்தினேன்."

"எதுக்கு?"

"பரக்கத்துக்கு. வீட்டுக்கு நல்லது."

அரபி அவருக்கு வாசிக்கத் தெரியும். சிறுவயதில் மதரஸாவில் ஓதிய வாய், ஓர் எழுத்தின் உச்சரிப்பும் பிசகாது. அர்த்தம்தான் தெரியாது. திரையின் அடியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. இரண்டையும் நிறுத்தி, நிதானமாக, அழகாக உரக்க வாசித்தார். அதற்குள் கீழே வந்துவிட்ட அமீனா பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பயபக்தியோடு நின்றார்.

"மாஷா அல்லாஹ். கெளம்பறதுக்கு முன்ன ஓதறீங்களா அண்ணே?"

"ஆமா" என்று சொல்லி வலப்பக்கப் பொத்தானை அழுத்தினார். நான்கு கண்ணாடிகளும் இறங்கின. இடப்பக்கத்தை அழுத்தினார். டிக்கி திறந்துகொண்டது.

"காத்தோட்டமா போலாம்னு" என்றார். துரைராஜ் போய் டிக்கியைச் சாத்தினான். அது மறுபடி திறந்துகொண்டது. அவன் மறுபடி சாத்தி அதன்மேல் உட்காரப் பார்த்தான். உமர் ஃபாரூக் பார்த்த பார்வையில் எழுந்துகொண்டான்.

"ஏறுங்க தங்கச்சி" என்றார் உமர் ஃபாரூக்.

அமீனா பீ பின்னிருக்கையில் ஏறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டார். கரீமுல்லா தன் வண்டியில் ஏறினார். பின்னாலேயே வருவதாகச் சொன்னவர், கிளம்பாமல் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். வழியனுப்ப சகினாவும் மெஹக்கும் படியருகே நின்றார்கள். உமர் ஃபாரூக் பிஸ்மில்லா சொல்லி ஸ்டார்ட் பொத்தானில் விரலை வைத்தார்.

அப்போதுதான் அது நடந்தது. கதவுகள் நான்கும் சடக்கென்று பூட்டிக்கொண்டன. இறங்கியிருந்த கண்ணாடிகள் ஏறின. வைப்பர்கள் எழுந்தன, நான்கு பக்கமும் விளக்குகள் மின்னின, ஹாரன் விட்டுவிட்டு அலறியது. எதிர் கட்டடத்தில் ஜன்னல்கள் திறந்தன. அபிராமபுரத்தில் மத்தியானம் தூங்குகிறவர்கள் எல்லோரும் யார் வீட்டு வண்டி என்று பார்த்துக்கொண்டார்கள்.

காலையிலிருந்து இக்னிஷன் போட்டபடி கிடந்த பேட்டரி அந்த அலறலோடு தன் கடைசிச் சக்தியையும் செலவு செய்தது. ஹாரன் கம்மிப்போய், இழுத்து, நின்றது. விளக்குகள் அணைந்தன. வைப்பர்கள் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டன. பொத்தானை அழுத்தினார். ஒரு முனகல்கூட இல்லை.

கரீமுல்லா இறங்கி வந்தார். "அமீனா, எறங்கு. நம்ம வண்டிலயே போலாம்."

"எறங்க வேணாம்" என்றார் உமர் ஃபாரூக். கதவைக் கையால் விடுவித்துக்கொண்டு வெளியே வந்து முதுகை நிமிர்த்தி நின்றார். "எங்க வண்டில ஏறியாச்சி. எங்க வண்டில இருந்துதான் எறங்கணும். ஒங்க வாசல்ல."

"வண்டிதான் செத்துப்போச்சே பாய்."

"செத்துப்போல. யோசிக்குது."

மெஹக் முன்னால் வந்தாள். "அத்தா, என் ஸ்கூட்டர்ல மாமிய கொண்டுபோய் விட்டுட்டு வரட்டுமா?"

"ஸ்கூட்டர்ல. சம்மந்தியம்மாவ." அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். "துரைராஜ், கேட்ட தொற. பின்னால வந்து தள்ளு."

"எதுவரிக்கும் பாய்?"

"அசோக் நகர் வரிக்கும்."

துரைராஜ் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். உமர் ஃபாரூக் கட்டைவிரலால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு கையை ஸ்டியரிங்கிலும் ஒரு கையைக் கதவுச் சட்டத்திலும் வைத்துத் தள்ள ஆரம்பித்தார். உள்ளே கூடையைப் பிடித்தபடி அமீனா பீ இருந்தார். வண்டி நகர்ந்தது. கேட்டைத் தாண்டியது. வேகத்தடையில் ஏறாமல் நின்றது.

"போதும் பாய்" என்றார் பின்னாலேயே நடந்து வந்த கரீமுல்லா. குரல் மாறியிருந்தது. "வெளியாள் கை தொட்டதில்ல, நானே பாப்பேன்னு சொன்னீங்க. உங்க வார்த்தைய நம்பித்தான் நான் சம்பந்தம் பேசினேன். இதான் நீங்க பாக்கற லட்சணமா? தேதிய அப்புறமா பேசிக்கலாம்."

சகினா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மெஹக் தகப்பனையே பார்த்தாள். உமர் ஃபாரூக் வண்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தேதி குறிச்சாச்சி" என்றார். "நான் குறிச்ச தேதிய அழிக்க மாட்டேன். வண்டில கோளாறு வந்தா வண்டிய கேளுங்க. என் வீட்ட கேக்காதீங்க. மறைஞ்சு சிகரெட் குடிக்கறவர நான் கேட்டனா?"

"யாரு சிகரெட் குடிக்கறது?"

"காலையிலேர்ந்து கண்ணாடிய ஏத்திக்கினு ஒக்காந்திருந்தது எதுக்கு?"

கரீமுல்லா முதலில் புரியாமல் விழித்தார். பிறகு பெருமையாகத் தலையை நிமிர்த்தினார். "அதுவா? சொல்லவேணாம்னு பாத்தேன். வர வழியில என் வண்டில எஞ்சின் வெளக்கு எரிஞ்சிது. ஒர்க்‌ஷாப்புக்கா போனேன்? ஒங்க வாசல்லயே ஒக்காந்து, மாத்தி மாத்தி எழுதிப் பாத்து, என் கையால சரி பண்ணேன். நானும் அந்த ரிச்சி தெரு டப்பாதான் வெச்சிருக்கேன். ஒங்க வண்டில சொருகியிருக்கே, அதே டப்பா." போனை நீட்டிக் காட்டினார். "பாத்துக்குங்க. ஒரு பிழையும் இல்லன்னு போட்டிருக்கு."

"இப்ப நம்ம வண்டில நீங்க ஏறச்ச பாத்தேனே, வெளக்கு இன்னும் எரியுதுங்களே" என்றார் அமீனா பீ, திறந்திருந்த முன்கதவு வழியாக.

"அது அணையறதுக்குக் கொஞ்சம் நேரம் புடிக்கும். போன் பொய் சொல்லுமா?" கரீமுல்லா உமர் ஃபாரூக் பக்கம் திரும்பினார். "என் கைவேலையில சந்தேகமா? எங்க வீட்ல சின்னப் பொண்ணுக்குக்கூடத் தெரியும். கேளுங்க."

அவரே மகள் ரூஹிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"ரூஹி, சம்மந்தி வீட்ல எல்லாரும் கேட்டுக்கினு கீறாங்க. நம்ம வண்டிய இங்கியே வெச்சி நானே சரி பண்ணிட்டேன். ஸ்கேனர் டப்பா போட்டா நமக்கு இதெல்லாம் சகஜம்னு நீயே சொல்லு."

"எப்படி அத்தா?" என்றது ரூஹியின் குரல். "அந்தக் கறுப்பு டப்பாவ நேத்து வண்டி தொடைக்கறப்ப நான் கழட்டி வெச்சேன், இங்க டீவி பக்கத்துலயே கீது, அது இல்லாம காலையிலேர்ந்து நீங்க யாரு வண்டிய மாத்தி எழுதிக்கினு கீறீங்க?"